கூடங்குளம் தீநிரல் நிகழ்வும் முக்கியக் கட்டமைப்புகளின் சைபர் பாதுகாப்பு அமைப்புகளும்: ஒரு வரலாறு

மின்நிலையம், மின்தொகுப்பு, வங்கி, தொலைத்தொடர்பு, துறைமுகம், தொடர்வண்டி, மருத்துவமனை போன்றவை நின்றுபோனால் ஒரு நாட்டின் அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும். இவற்றை இயக்கும் கணினிகளும் வலையமைப்புகளும் இந்தியச் சட்டத்தில் 'முக்கியத் தகவல் உட்கட்டமைப்பு' எனப்படுகின்றன. இவற்றைக் காக்கும் பொறுப்பு ஒரே துறையிடம் இல்லை. மின்னணுவியல் அமைச்சகம், உளவு சார்ந்த தொழில்நுட்ப அமைப்பு, உள்துறை, அந்தந்தத் துறைகளின் அமைச்சகங்கள், மாநில அரசுகள் எனப் பலரிடம் அது பிரிந்து கிடக்கிறது. இப்பிரிவு எப்படி உருவானது, நெருக்கடி வந்தபோது எப்படி வேலை செய்தது என்பதை அறியத் தமிழ்நாட்டிலேயே ஒரு முக்கியமான சான்று உள்ளது. அது 2019ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்ட நிகழ்வாகும்.

அந்நிகழ்வில் அணுஉலைக்குத் தீங்கு நேரவில்லை. எச்சரிக்கையும் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அரசு அமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதற்கும், மக்களிடம் பேசியதற்கும் இடையே ஏறக்குறைய எட்டு வாரங்கள் கடந்தன. அதன் பிறகும் முதல் நாள் ஒரு செய்தியும், மறுநாள் அதற்கு மாறான செய்தியும் வந்தன. அமைப்புகளை உருவாக்குவதில் இந்தியா நெடுந்தூரம் வந்துள்ளது. யார் எப்போது மக்களுக்குச் சொல்வது என்ற ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு நிகழ்விலும் திரும்ப எழுகிறது.

தொடக்கம்: 1988 முதல் 2000 வரை

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் எழுதிய நிரல் ஒன்று அக்கால இணையத்தில் பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. 'மோரிஸ் புழு' என்று பெயர்பெற்ற இந்நிரலைத் தடுக்கப் பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் தனித்தனியே போராடின. யாரை அழைப்பது, யாரிடம் தகவல் பெறுவது என்பது எவருக்கும் தெளிவாக இல்லை. இதன் விளைவாக, அதே ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் கணினி அவசரநிலைக் குழு அமைக்கப்பட்டது. இன்று உலக நாடுகள் பலவற்றில் இருக்கும் 'செர்ட்' குழுக்களுக்கு இதுவே முன்மாதிரி.

அதே மாதம் 20ஆம் நாள், இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் மிகையில் கொர்பச்சோவும் கூடங்குளத்தில் அணுமின் நிலையம் அமைப்பதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அணுஉலையின் பாதுகாப்பு என்றால் கதிர்வீச்சு, நிலநடுக்கம், கடல்சீற்றம் ஆகியவையே அன்று பேசப்பட்டன.

இந்திய அணுசக்தித் துறை முதன்முதலில் வெளிப்படையாகச் சந்தித்த கணினி ஊடுருவல் 1998இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. அடுத்த மாதமே, அதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட 'மில்வார்ம்' என்ற குழுவினர் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிக்குள் புகுந்தனர். மின்னஞ்சல்கள் எடுக்கப்பட்டன. இணையப் பக்கமும் மாற்றப்பட்டது. குழுவினரில் பலர் பதின்வயதினர். இந்தியாவில் அப்போது கணினிக் குற்றத்துக்கெனத் தனிச் சட்டமே இல்லை.

அமெரிக்காவில் அதே 1998 மே மாதத்தில், முக்கியக் கட்டமைப்புகளைக் காப்பது குறித்து அதிபர் பில் கிளிண்டன் ஓர் ஆணை வெளியிட்டார். மின்சாரம், வங்கி, போக்குவரத்து என ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பு அமைப்பைக் குறித்தது அந்த ஆணை. பிற்காலத்தில் பல நாடுகள் பின்பற்றிய 'துறைவாரிப் பொறுப்பு' என்ற முறைக்கு அது வழிகாட்டியது.

சட்டமும் அமைப்புகளும்: 2000 முதல் 2014 வரை

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னணுக் கையொப்பம், மின்வணிகம் ஆகியவற்றுக்குச் சட்ட ஏற்பு அளிப்பதே அதன் முதன்மை நோக்கம். இருந்தாலும் அதன் 70ஆம் பிரிவு, ஒரு கணினி அமைப்பைப் 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அரசு அறிவிக்க இடமளித்தது. அப்படி அறிவிக்கப்பட்ட அமைப்புக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

2004 சனவரியில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு, அதாவது செர்ட்-இன், செயல்படத் தொடங்கியது. இது இன்று மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதே ஆண்டில், கார்கில் போருக்குப் பிந்தைய பாதுகாப்புச் சீரமைப்பின் ஒரு பகுதியாகத் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு உருவாக்கப்பட்டது. இது தொழில்நுட்ப உளவுப் பணிகளுக்கானது. பிற்காலத்தில் பொறுப்புகள் இரண்டாகப் பிரிந்ததற்கு வேர் இங்கேதான் உள்ளது. ஒன்று பொதுமக்களும் நிறுவனங்களும் அணுகக்கூடிய அமைப்பு. மற்றொன்று தன் வேலையின் இயல்பால் மறைவில் இயங்கும் அமைப்பு.

2007இல் எஸ்தோனியாவின் வங்கிகளும் அரசுத் தளங்களும் செய்தி நிறுவனங்களும் தொடர் சைபர் தாக்குதலால் முடங்கின. ஒரு நாட்டின் இயல்பு வாழ்க்கையையே இணையம் வழியாகக் குலைக்க முடியும் என்பதை உலகம் கண்டது. இந்தியாவில் 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் ஆவதற்குள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2009 அக்டோபர் 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

இத்திருத்தம் மூன்று மாற்றங்களைச் செய்தது. முதலாவதாக, 'முக்கியத் தகவல் உட்கட்டமைப்பு' என்பதற்கு வரையறை தந்தது. எந்தக் கணினி வளம் முடங்கினாலோ அழிந்தாலோ நாட்டின் பாதுகாப்பு, பொருளாதாரம், மக்கள் நலம் அல்லது உயிர்ப்பாதுகாப்பு பெரிதும் நலிவுறுமோ, அதுவே முக்கியத் தகவல் உட்கட்டமைப்பு. இரண்டாவதாக, 70அ பிரிவின்படி இவ்வகை உட்கட்டமைப்புகளைக் காக்க ஒரு தேசிய முதன்மை அமைப்பு வேண்டும் என்றது. மூன்றாவதாக, 70ஆ பிரிவின்படி செர்ட்-இன் குழுவுக்குச் சட்ட அடித்தளம் கொடுத்தது.

2010இல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஈரானின் நதான்சு யுரேனியச் செறிவூட்டல் ஆலையில் இருந்த சுழல் கருவிகளைச் சிதைப்பதற்காக எழுதப்பட்டது அது. அந்த ஆலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு இணையத்தோடு இணைக்கப்படவில்லை. யுஎஸ்பி நினைவகக் குச்சிகள் போன்ற வழிகளில் தீநிரல் உள்ளே நுழைந்ததாகக் கருதப்படுகிறது. இந்நிரல் அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்ததாக இந்தியாவும் இருந்தது. கணினி நிரலால் இயந்திரத்தையே உடைக்க முடியும் என்பது ஐயமின்றித் தெளிந்தது அப்போதுதான்.

2013 சூலையில் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியானது. 2014 சனவரி 16 அன்று அரசிதழ் அறிவிக்கையின் மூலம் தேசிய முக்கியத் தகவல் உட்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் முறைப்படி அமைந்தது. ஆங்கில எழுத்துகளின் சுருக்கத்தில் என்சிஐஐபிசி என்று அறியப்படும் இம்மையம் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பின் கீழ் வைக்கப்பட்டது. 2015இல் தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி உருவாகி, குல்ஷன் ராய் அதன் முதல் பொறுப்பாளரானார். பல அமைப்புகளுக்கு நடுவே ஒரு முடிச்சு தேவை என்ற எண்ணமே இப்பதவிக்குக் காரணம்.

யாருக்கு எந்தப் பொறுப்பு

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் அமைப்புகளைப் பின்வருமாறு பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

செர்ட்-இன்: நாடு முழுவதற்குமான சைபர் நிகழ்வுகளைப் பதிவு செய்வது, எச்சரிக்கை அனுப்புவது, பாதிக்கப்பட்ட நிறுவனத்துக்கு வழிகாட்டுவது இதன் பணி.

என்சிஐஐபிசி: முக்கியத் தகவல் உட்கட்டமைப்புகளை அடையாளம் காண்பது, அவற்றுக்கான அச்சுறுத்தல்களைக் கண்காணிப்பது, பாதுகாப்பு நெறிகளை வகுப்பது இதன் பணி. மின்சாரம், வங்கி மற்றும் நிதி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து, அரசு நிர்வாகம், அரசுசார் முக்கிய நிறுவனங்கள் ஆகியவை இதன் முதன்மைத் துறைகள்.

தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்: தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகத்தில் இருந்துகொண்டு அமைப்புகளை ஒருங்கிணைப்பவர்.

துறைசார் குழுக்கள்: மின்துறையில் அனல், நீர், மின்செலுத்தம் எனத் தனித்தனி அவசரநிலைக் குழுக்கள் உள்ளன. அணுசக்தித் துறையில் கணினி மற்றும் தகவல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும், கருவி மற்றும் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான தனிப் பணிக்குழுவும் உள்ளன.

காவல்துறையும் உள்துறையும்: குற்ற விசாரணை இவர்களின் பொறுப்பு. உள்துறையின் கீழ் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் இயங்குகிறது. பொதுமக்கள் இணையப் பணமோசடியைத் தெரிவிக்க அழைக்கும் 1930 என்ற எண் இத்தரப்பைச் சேர்ந்தது. முக்கியக் கட்டமைப்பின் பாதுகாப்போடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

இத்தனைக்கும் பிறகு, கணினியை நாள்தோறும் காக்கும் கடமை அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே உரியது. 2018 மே மாதம் வெளியான விதிகள், பாதுகாக்கப்பட்ட அமைப்பை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றன.

கூடங்குளம், 2019: நிகழ்வுகளின் வரிசை

கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில் உள்ளது. இந்திய அணுமின் கழகம் நடத்தும் இந்நிலையத்தில், தலா 1000 மெகாவாட் திறன்கொண்ட இரண்டு ரசிய வகை உலைகள் 2019இல் இயங்கிக்கொண்டிருந்தன. முதல் அலகு 2014 டிசம்பரிலும், இரண்டாம் அலகு 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. இங்கு உற்பத்தியாகும் மின்சாரம் தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா, புதுச்சேரி ஆகியவற்றுக்குப் பகிரப்படுகிறது.

2019 செப்டம்பர் 4 அன்று நிலையத்தின் வலையமைப்பில் தீநிரல் இருப்பதைச் செர்ட்-இன் கண்டறிந்து இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. இந்த நாள் பின்னர் அக்கழகமே வெளியிட்ட அறிக்கையில் உள்ளது. தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங் என்ற சைபர் பாதுகாப்பு வல்லுநரும் அதே நாளைக் குறிப்பிட்டார். ஊடுருவலைக் கண்டறிந்தது தான் அல்ல என்றும், மூன்றாம் தரப்பு ஒன்று தன்னிடம் சொன்னதைத் தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்ததாகவும் அவர் பின்னர் கூறினார்.

செப்டம்பர் 23 அன்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டிட்ராக்' என்ற உளவுத் தீநிரலைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. இந்திய ஏடிஎம் இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருடப் பயன்பட்ட மற்றொரு நிரலோடு இது உறவுடையது என்றும், வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவண்ணம் இதில் தெரிகிறது என்றும் அவ்வறிக்கை கூறியது. டிட்ராக், கணினியின் விசைப்பலகைத் தட்டல்களைப் பதிவு செய்யும்; உலாவியின் வரலாற்றைத் திரட்டும்; வலையமைப்பின் முகவரிகளையும் வட்டிலுள்ள கோப்புகளின் பட்டியலையும் சேகரிக்கும். கருவிகளை உடைப்பதைவிட உளவு பார்ப்பதே அதன் வேலை.

அக்டோபர் இறுதியில் டிட்ராக் நிரலின் மாதிரி ஒன்று தீநிரல் ஆய்வுத் தளத்தில் காணப்பட்டது. கூடங்குளம் வளாக வலையமைப்புக்கு உரியதாகத் தோன்றிய பயனர் விவரங்கள் அந்த நிரலுக்குள்ளேயே பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். வழிதவறி வந்த வைரசாக அதைக் கருத முடியாது என்பதற்கு அது முக்கியமான தடயமாக இருந்தது. அக்டோபர் 28 அன்று செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. அதே மாதத்தில் இரண்டாம் அலகு ஒருமுறை நின்றிருந்ததால், இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பேச்சுகள் கிளம்பின.

இரண்டு நாள், இரண்டு அறிக்கை

அக்டோபர் 29 அன்று கூடங்குளம் நிலையம் மறுப்பு வெளியிட்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் தொடர்பற்றவை, ஆகவே அவற்றின்மீது சைபர் தாக்குதல் நடத்த இயலாது என்பது அதன் சாரம். பரவும் செய்தி பொய்யானது என்றும் அது கூறியது.

அக்டோபர் 30 அன்று மும்பையிலுள்ள இந்திய அணுமின் கழகத் தலைமை வேறொரு அறிக்கை வெளியிட்டது. தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான். செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தெரிவித்தது. அணுசக்தித் துறை வல்லுநர்கள் உடனே ஆய்ந்தனர். நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பைச் சேர்ந்த ஒரு பயனரின் கணினியே பாதிக்கப்பட்டது. அது முக்கிய உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. நிலைய அமைப்புகள் பாதிக்கப்படவில்லை. இவையே அதன் கருத்துகள். எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை.

கூர்ந்து படித்தால், இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று முழுவதும் மறுக்கவில்லை. முதல் அறிக்கை கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றியது. இரண்டாம் அறிக்கை நிர்வாக வலையமைப்பைப் பற்றியது. ஆனால் செய்தியைக் கேட்ட மக்களுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. நேற்று 'பொய்' என்று சொல்லப்பட்டது இன்று 'உண்மை' ஆனது என்பதே அவர்களுக்குப் பட்டது.

இதன் கனத்தை உணரக் கூடங்குளத்தின் முன்வரலாற்றையும் நினைக்க வேண்டும். 2011 மார்ச்சில் சப்பானின் புகுசிமா விபத்து நடந்தது. அதே ஆண்டில் இடிந்தகரையை மையமாகக் கொண்டு கடலோர மக்களின் நெடிய போராட்டம் தொடங்கியது. உலை பாதுகாப்பானது என்று அரசு சொல்வதை நம்பலாமா என்பதே அப்போராட்டத்தின் மையக் கேள்வி. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோதும், பாதுகாப்பு குறித்து 15 நெறிமுறைகளை விதித்தது. அத்தகைய ஊர்களில் ஒரு தவறான மறுப்பு, ஒரு தீநிரலைவிட நீண்டநாள் தங்கக்கூடியது. அடுத்த முறை 'ஒன்றும் ஆகவில்லை' என்று உண்மையாகவே சொல்ல நேரும்போது அதை நம்புவோர் குறைவார்கள். அணு நிலையத்தில் நெருக்கடி வந்தால், மக்கள் அரசின் அறிவிப்பை நம்பி நடப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

அவ்வாண்டு நவம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் விளக்கமளித்தது. அணுசக்தித் துறையின் ஆலோசனைக் குழு செர்ட்-இன் குழுவோடு சேர்ந்து ஆய்ந்ததாகவும், இணைய இணைப்பையும் நிர்வாக உள்வலையையும் இறுக்கியதாகவும், கழற்றி மாட்டக்கூடிய நினைவகங்களுக்குக் கட்டுப்பாடு விதித்ததாகவும், தீங்கான தளங்களையும் முகவரிகளையும் தடுத்ததாகவும் கூறியது.

இணைப்பு இல்லாததே காப்பு ஆகுமா

கூடங்குளம் நிகழ்வில், கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியே வைக்கப்பட்டிருந்தது உண்மையில் காத்தது. அந்த வடிவமைப்பின் பயனை மறுக்க முடியாது. அதே சமயம், 'இணையத்தோடு இணைப்பில்லை, ஆகவே தாக்க இயலாது' என்ற வாதத்தை உலக வரலாறு ஏற்கவில்லை.

2003 சனவரியில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் 'சிலாம்மர்' புழு நுழைந்தது. ஒப்பந்தக்காரரின் வலையமைப்பிலிருந்து வந்த ஓர் இணைப்பு, நிலையத்தின் தீச்சுவரைத் தாண்டிப் போகும் வகையில் இருந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணினித் திரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்தது. உலை அப்போது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்து இல்லை. நதான்சில் தீநிரல் இணைப்பே இல்லாத வலையமைப்புக்குள் சென்றது. 2014 டிசம்பரில் தென்கொரிய அணுமின் நிறுவனத்தின் நிர்வாகக் கணினிகளிலிருந்து ஆவணங்கள் திருடப்பட்டு இணையத்தில் வெளியிடப்பட்டன. அங்கும் உலைகள் பாதிக்கப்படவில்லை. ஆனால் மக்களிடையே அச்சம் பரவியது.

நிர்வாக வலையமைப்பில் கிடைக்கும் பணியாளர் பட்டியல், ஒப்பந்தக்காரர் பெயர்கள், வரைபடங்கள், பராமரிப்பு அட்டவணை ஆகியவை அடுத்த தாக்குதலுக்கு வழித்துணை ஆகலாம். வீட்டுக்குள் நுழையாத திருடன், வாசலில் நின்று வீட்டாரின் வரத்துப்போக்கைக் குறித்துக்கொண்டு போவது போன்றது இது.

மின்தொகுப்பும் கண்டமங்கலமும்

ஒரு மின்நிலையத்தின் பாதுகாப்பு, தொலைவிலுள்ள சிற்றூரை எப்படித் தொடுகிறது என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் கண்டமங்கலம் நல்ல எடுத்துக்காட்டு. விழுப்புரம்–புதுச்சேரி சாலையில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியை ஒட்டி அமைந்த ஊர் இது. எல்லைக்கு இப்பால் மின்விநியோகம் தமிழ்நாட்டு மின்வாரிய நிறுவனத்தின் கையில். அப்பால் புதுச்சேரி அரசின் மின்துறையின் கையில். ஆனால் இரு பக்கமும் எரியும் விளக்குகளுக்கு மின்சாரம் தருவது ஒரே தென்மண்டல மின்தொகுப்பு. நிர்வாக எல்லை சாலையில் இருக்கிறது. மின்கம்பியிலும் கணினி வலையமைப்பிலும் அது இல்லை.

2012 சூலை 30, 31 ஆகிய நாட்களில் வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்தபோது சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. அது சைபர் தாக்குதல் அல்ல. மின்தடங்களில் ஏற்பட்ட மிகைச்சுமையே காரணம். தென்மண்டலம் அப்போது மற்ற தொகுப்புகளோடு ஒரே அலைவெண்ணில் இணைக்கப்படாததால் தப்பியது. தமிழ்நாட்டில் அவ்வாண்டு மக்கள் பட்ட மின்வெட்டு, உற்பத்திப் பற்றாக்குறையால் வந்த வேறு கதை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடம் வழியாகத் தென்மண்டலமும் இணைந்து, நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. இதனால் உபரி மின்சாரத்தைப் பகிர முடிந்தது. எங்கோ ஓரிடத்தில் நேரும் குலைவு எல்லோரையும் தொடும் வாய்ப்பும் கூடவே வந்தது.

இத்தொகுப்பை இயக்கும் மையங்களே பின்னர் குறிவைக்கப்பட்டன. 2020 நவம்பர் 19 அன்று, தேசிய மின்தொகுப்பை இயக்கும் நிறுவனத்தின் சில கட்டுப்பாட்டு மையங்களில் 'ஷேடோபேட்' என்ற தீநிரலின் அச்சுறுத்தல் இருப்பதாகச் செர்ட்-இன் மின்னஞ்சல் அனுப்பியது. 2021 பிப்ரவரி 12 அன்று என்சிஐஐபிசி, 'ரெட்எக்கோ' என்ற குழுவின் அச்சுறுத்தல் குறித்துத் தனியே தெரிவித்தது. தாக்குதலோடு தொடர்புடைய முகவரிகள் தடுக்கப்பட்டன என்றும், தரவு இழப்பு ஏதும் இல்லை என்றும் மின்துறை அமைச்சகம் பின்னர் கூறியது. 2021 பிப்ரவரி 28 அன்று ரெக்கார்டட் பியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம் இதுபற்றி வெளியிட்ட அறிக்கையில், குறிவைக்கப்பட்டவற்றுள் மண்டல மின்பளுக் கட்டுப்பாட்டு மையங்களோடு தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் இடம்பெற்றது.

இங்கும் பழைய காட்சி திரும்பியது. 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் ஏற்பட்ட பெரும் மின்தடைக்குச் சைபர் நாசவேலை காரணமாக இருக்கலாம் என்று மகாராட்டிர அரசு கூறியது. மனிதத் தவறே காரணம் என்று ஒன்றிய மின்துறை அமைச்சர் கூறினார். ஒரே மின்தடைக்கு இரு அரசுகள் இரு காரணம் சொன்னபோது, எதை ஏற்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை.

2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டுப்பாட்டு வலையமைப்பை இணையத்திலிருந்து பிரித்து வைத்தல், நம்பகமான விற்பனையாளர்களிடமிருந்தே கருவிகளை வாங்குதல், பாதுகாப்பு அதிகாரியை நியமித்தல், பணியாளருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை அதில் கட்டாயமாயின.

2020க்குப் பிறகு

தமிழ்நாடு அரசு 2020இல் தனக்கென ஒரு சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. மாநில அரசுத் துறைகளின் கணினிகளையும் தரவுகளையும் காப்பதற்கான கட்டமைப்பும், மாநில அளவிலான அவசரநிலைக் குழுவும் அதன் முக்கியக் கூறுகள். மின்விநியோகம், குடிநீர், அரசு மருத்துவமனைகள் ஆகியவை மாநிலத்தின் கையில் இருப்பதால், ஒன்றிய அமைப்புகள் மட்டுமே இவற்றைக் காத்துவிட முடியாது.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, குறிப்பிட்ட வகைச் சைபர் நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றது. கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் பணித்தது. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தாக்குதல் நடந்தது. ஐந்து சேவையகங்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. பல நாட்கள் நோயாளிப் பதிவு காகிதத்தில் நடந்தது. செர்ட்-இன், தில்லிக் காவல்துறை, தேசியப் புலனாய்வு முகமை எனப் பல அமைப்புகள் அங்கே இறங்கின.

2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த கேள்விகள் நீங்கலாக, பிறவற்றுக்கு அது பதிலளிக்க வேண்டியதில்லை. என்சிஐஐபிசி-யின் தாய் அமைப்பு முன்பிருந்தே அந்த அட்டவணையில் உள்ளது. ஆக, இரு முதன்மை அமைப்புகளிடமும் குடிமக்கள் கேள்வி கேட்கும் வழி சுருங்கியது.

2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு தன் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளைத் திருத்தியது. தொலைத்தொடர்பு வலையமைப்பின் பாதுகாப்பு தொலைத்தொடர்புத் துறைக்கும், பொதுவான சைபர் பாதுகாப்பு மின்னணுவியல் அமைச்சகத்துக்கும், சைபர் குற்றம் உள்துறைக்கும், ஒட்டுமொத்த ஒருங்கிணைப்பு தேசியப் பாதுகாப்பு மன்றச் செயலகத்துக்கும் என வரையறுக்கப்பட்டது. சட்டம் வந்து 24 ஆண்டுகளுக்குப் பின், யார் எதற்குப் பொறுப்பு என்பது அரசின் விதிகளிலேயே எழுத்தில் இடம்பெற்றது.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு பெரிய நிகழ்வை அடுத்தும் ஒரு சட்டமோ அமைப்போ விதியோ பிறந்தது. ஊடுருவலைக் கண்டறிவது, எச்சரிப்பது, துண்டிப்பது ஆகிய மூன்றும் காலப்போக்கில் மேம்பட்டன. கூடங்குளத்தில் செப்டம்பர் 4 அன்றே எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது அதற்குச் சான்று. 1998இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஊடுருவப்பட்டபோது அப்படி எச்சரிக்க நாட்டில் ஓர் அமைப்பே இருக்கவில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. நிறுவனம் செர்ட்-இன் குழுவுக்கு ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதிக்கப்பட்ட கட்டமைப்பை நம்பி வாழும் மக்களுக்கு எத்தனை நாளில், எந்த அலுவலகம், எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்த ஆணையில் இடமில்லை. எல்லாவற்றையும் உடனே வெளியிட வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. விசாரணை நடக்கும்போது விவரங்களை வெளியிட்டால் தாக்கியவர் எச்சரிக்கை அடைவார். ஆனால் மறைத்து வைப்பதும் மறுத்துச் சொல்வதும் ஒன்றல்ல. 'ஒரு நிகழ்வு நடந்துள்ளது, உலை பாதிக்கப்படவில்லை, விசாரணை நடக்கிறது' என்ற மூன்று செய்திகளை அக்டோபர் 29 அன்றே, ஒரே குரலில் சொல்லியிருக்க முடியும். அவற்றில் எதுவும் தாக்கியவருக்குப் பயன்பட்டிருக்காது.

கூடங்குளத்தில் பிறக்கும் மின்சாரம் பல வலையமைப்புகளையும் பல அதிகாரங்களையும் கடந்துதான் கண்டமங்கலம் போன்ற ஊர்களுக்கு வருகிறது. அதைக் காக்கும் அமைப்புகளின் பட்டியல் இன்று நீளமானது. அந்தப் பட்டியலில் மக்களுக்குச் சொல்லும் கடமை யாருடையது என்ற வரி இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.